டாரில் கொண்டுவரும் தேநீர்

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் மொரீன் வீட்டுச் சமையலறையில் காலை வெயில் மேசைமேல் கிடக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டப்படி அரசு தரும் உதவியாளரை இந்த வீட்டுக்கு இன்னும் ஓராண்டு அனுப்பலாமா என்று பார்க்க, அலுவலகத்திலிருந்து பிரிட்ஜெட் வந்து உட்கார்ந்திருக்கிறாள். உதவி நின்றுபோனால், பிறவியிலேயே கைகால் நடுங்கும் டாரிலைத் தூக்கிக் குளிப்பாட்ட எழுபது வயது அம்மா மொரீன்தான் மிச்சம். அவனோ, விருந்தாளிக்கு நானே டீ கொடுப்பேன் என்று ஒரு வாரமாகப் பழகியிருக்கிறான், பாவி. தட்டில் கோப்பை கிடுகிடுக்கிறது. இரண்டடி வைத்து நின்று மூச்சு வாங்குகிறான். "சிந்தினா நீதான் துடைக்கணும் பிரிட்ஜெட். அம்மாவாலே குனிய முடியாது." பிரிட்ஜெட் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள். நாளைக்கு இதே கையில் கரண்டிகூட நிற்காது. அதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிக்கிறாள் மொரீன். இவனால் முடிகிறது என்று எழுதிவிட்டால் உதவி நின்றுவிடும்; சிந்திவிடட்டும் என்று பெற்றவளே வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு துளி சிந்தாமல் கோப்பை மேசைக்கு வந்துவிடுகிறது. "தினமும் இப்படித்தான் செய்வியா?" என்கிறாள் பிரிட்ஜெட். "பின்னே? தினமும்தான்," என்கிறான் டாரில், கழுத்தை நிமிர்த்தி. இல்லை என்று சொல்ல மொரீன் வாயைத் திறக்கிறாள். மகன் முகத்தில் அத்தனை வெளிச்சம். "சர்க்கரை எத்தனை ஸ்பூன்மா?" என்று பிரிட்ஜெட்டைக் கேட்கிறாள்.