அறுபது வோல்ட்

நான்காவது அடியில் தடி ஒடிந்தது.

தீர்த்தகிரி கத்தவில்லை. ஐம்பது வயதில், ஊர் பார்க்க, கடலைச் செடிகளின் நடுவே மண்டியிட்டு அண்ணன் கையால் அடி வாங்குகிறவன் கத்தினால் அது இன்னும் கேவலம். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அண்ணன் ஒடிந்ததை எறிந்துவிட்டு, வேலியோரம் கிடந்த முளைக்குச்சியை எடுத்தார்.

பத்தடி தள்ளிப் பச்சியப்பன் கிடந்தான். விடிந்ததும் மடை வெட்டிவிட வந்த கூலியாள். காட்டுப்பன்றிக்குக் கட்டிய கம்பியில் கை பட்டிருந்தது. முகத்தை வேட்டியால் மூடியிருந்தார்கள். வலது கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. உள்ளங்கையின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

பச்சியப்பனின் மச்சான் மாது மண்வெட்டியோடுதான் ஓடி வந்தான். தீர்த்தகிரியின் அண்ணன்தான் குறுக்கே நின்றார்.

“எங்க வூட்டு ஆள அடிக்க எங்க வூட்லயே கை இருக்குது. நீ தள்ளி நில்லு.”

மாது நின்றான். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“சொல்லுடா. பெட்டிய கழட்டிட்டு நேரா கரண்டு குடுத்தியா?”

“இல்லண்ணா.”

அடி.

“குடுத்தியா?”

“நீ கட்டிக் குடுத்தது அப்படியேதாண்ணா கெடக்குது. போயிப் பாரு.”

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முப்பத்தோரு வருடம் மின்கம்பம் ஏறியவர். அவர் கை வைத்த கம்பியில் காக்கைகூடச் செத்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். வேலிக்குக் கரண்டு வேண்டும் என்று தம்பி கேட்டபோது, பன்றி மிரளட்டும், உயிர் போகக் கூடாது என்று சொல்லித் தாமே கணக்குப் போட்டார். இருநூற்று முப்பது வோல்ட்டை அறுபதாகக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி வைத்தார். இந்தக் கடலைக் கொல்லையில் நின்று, மீட்டரின் ஒரு முனையைக் கையில் பிடித்து, மறுமுனையை மண்ணில் குத்தித் தம் உடம்பின் தடையை அளந்தார். பதினைந்தாயிரம் ஓம்.

அறுபதைப் பதினைந்தாயிரத்தால் வகுத்தால் நான்கு மில்லி ஆம்பியர். கால் வாட்டுகூட வராது. சுள்ளென்று ஒரு கடி. அவ்வளவுதான்.

ஊரைக் கூட்டி வைத்துக் கம்பியைத் தாமே பிடித்தும் காட்டினார்.

“எங்க வூட்டுக் கம்பி எவனையும் கொல்லாது.”

அன்று முதலில் கை தட்டியவன் பச்சியப்பன்.

இப்போது மீட்டரை எடுத்துக்கொண்டு பம்பு செட்டு அறைக்குப் போனார். வேலிக்குப் போகும் கம்பியைப் பிரித்துவிட்டு சுவிட்சைப் போட்டார். பெட்டியின் முனைகளில் மீட்டரை வைத்தார்.

அறுபது.

சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார்.

அறுபது.

திரும்பி வருகையில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பி பொய் சொல்லவில்லை. கணக்கும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் ஒருவன் எப்படிச் செத்தான்?

விடை தம்பியின் முதுகுக்குள் இருப்பதுபோல் அடித்தார். தோளில். விலாவில். உள்ளே ஏதோ முறிந்தது. குச்சி முழுசாகத்தான் இருந்தது.

மாதுவே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பச்சியப்பனின் பெண்டாட்டி கோவிந்தம்மா அதுவரை அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“அவர எதுக்குங்க அடிக்கிறீங்க,” என்றாள். “நீங்க செருப்பு போட்டுக்கிட்டுப் புடிச்சிக் காட்டுனீங்க. எங்காளு வெறுங்காலுங்க.”

குச்சி ஓங்கியபடியே நின்றது.

“உங்க கொல்லையில எறங்கணும்னா வரப்புலயே செருப்ப வுட்டுடணும். நாங்க என்னிக்கு மீறியிருக்கோம்?”

அது அவருடைய அப்பா காலத்துக் கட்டு. கூலிக்கு வருகிற எவரும் அந்த மண்ணைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது. மீறிய ஒருவனை அப்பா மாட்டுச் சாட்டையால் உரித்தார். வரப்பிலிருந்து கிணற்று மேடு வரைக்கும் ரத்தம் சொட்டியதாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணனுக்கு நெஞ்சு நிமிரும். வீட்டு ஆண்களுக்கு அந்தக் கட்டு கிடையாது.

அவர் குனிந்து தம் காலைப் பார்த்தார். விரல் கனத்துக்கு டயர் செருப்பு.

ராத்திரி பெய்த மழை. சேறு. மண்வெட்டி பிடித்து வியர்த்த கை. வெறுங்கால்.

பதினைந்தாயிரம் இல்லை.

ஆயிரம்.

அறுபதை ஆயிரத்தால் வகுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட மனசிலேயே போட்டுவிடும். அறுபது மில்லி ஆம்பியர்.

வாட்டுக் கணக்கில் மூன்றரைக்குச் சற்று மேலே. ஒரு ராத்திரி விளக்குக்குக்கூடப் பத்தாது.

நெஞ்சை நிறுத்தப் போதும்.

இன்னொரு தரம் வகுத்துப் பார்த்தார். மாறவில்லை. கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் கணக்கு தெரியாது. அவர் வாயைத் திறக்காவிட்டால் இனிமேலும் தெரியப்போவதில்லை.

“எங்கணக்குதாம்மா தப்பு,” என்றார்.

தோளில் கிடந்த துண்டை இறக்கினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த வீட்டு ஆண் ஒருவர் அப்படி நின்று ஊர் பார்த்ததில்லை.

குச்சியை அவளிடம் நீட்டினார்.

“வேணாண்ணா,” என்றான் தீர்த்தகிரி. அத்தனை அடிக்கும் வராத அழுகை அப்போது வந்தது.

கோவிந்தம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

வாங்கிக்கொண்டாள்.