ஜோவிலினின் இரண்டாவது பக்கம்

“உன்ர சிநேகிதி ஜோவிலினுக்கு பேஸ்புக்கில ரெண்டு பக்கம் இருக்கு. உனக்குத் தெரியுமே?”

செல்வமலர் இப்படிக் கேட்டபோது மகள் சாருஜா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஓம். பிலிப்பினோப் பிள்ளையள் கனபேர் அப்பிடித்தான் வச்சிருக்கினம். ஊரில இருக்கிற மாமி, சின்னம்மா, சேர்ச் ஆக்கள் எல்லாரும் பார்க்கிறதுக்கு ஒண்டு. பள்ளிக்கூடச் சிநேகிதருக்கு ஒண்டு.”

“ஓகோ. சொந்தத்துக்கு ஒரு முகம், ஊர் சுத்த இன்னொரு முகம்.”

முதல் பக்கத்தில் ஜோவிலின் தங்கமான பிள்ளை. வெள்ளைச் சட்டையோடு தேவாலய வாசலில் நிற்பாள். தாயைக் கட்டிப்பிடித்தபடி பனிக்குள் சிரிப்பாள். பெயரைத் திருப்பிப்போட்டுத் திறந்திருந்த இரண்டாவது பக்கத்தில்தான் அந்தப் பெடியன் இருந்தான். கார்லோ என்று பெயர். மெட்ரோ வாசலில், பூங்காவில், ஐஸ்கிரீம் கடையில் என்று பதினொரு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘என்னுடையவன்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு இதயமும் போட்டிருந்தாள்.

அப்போது பேஸ்புக் வந்த புதிது. சாருஜாவின் பாஸ்வேர்ட் தாயிடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் அந்த வீட்டில் அதற்கு அனுமதி. ஞாயிறு தவறாமல் மகளின் பக்கத்தைத் துருவிப் பார்த்து, அது துப்புரவாக இருப்பதைக் கண்டு செல்வமலர் நெஞ்சு குளிர்ந்துபோவாள். அந்த வழியாகத்தான் இந்தப் படங்களும் கண்ணில் பட்டன.

“அம்மா, ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ.” சாருஜாவின் முகம் வெளிறிவிட்டது.

“எனக்கென்ன விசரே? நான் ஏன் சொல்லப்போறன்?”

அடுத்த நாளே சொன்னாள். சும்மா சொல்லவில்லை, ஒரு படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

ஜோவிலினின் தாய் மிலாக்ரோஸும் இவளும் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள். நகரின் கோட்-டே-நேஜ் பகுதியில் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள். எட்டு வருடம் மற்றவர்களின் பிள்ளைகளை வளர்த்து, நிரந்தர வதிவிடம் கிடைத்து, போன வருடம்தான் மிலாக்ரோஸ் தன் பிள்ளையைக் கனடாவுக்குக் கூப்பிட்டிருந்தாள். அந்த எட்டு வருடக் கதையைத் தாயும் மகளும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

மிலாக்ரோஸ் படத்தை வாங்கிப் பார்த்தாள். கையிலிருந்த படுக்கைவிரிப்பை நாலாக மடித்து அடுக்கில் வைத்தாள்.

“அவள் பிறந்தபோது எனக்குப் பதினாறு வயது,” என்றாள் கடைசியில், இருவருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை ஆங்கிலத்தில். “அவளுக்கும் இப்போது பதினாறு. நான் இரண்டு வேலைக்குப் போகிறேன். யார் அவளைப் பார்ப்பது? ஊரில், இலோய்லோவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.”

“நானும் ஒரு தாய். அதனால்தான் மறைக்க மனம் வரவில்லை,” என்றாள் செல்வமலர்.

தாய் கேட்டபோது ஜோவிலின் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மூன்று கிழமையில் டிக்கெட் வந்துவிட்டது.

புறப்படுவதற்கு முதல்நாள் மாடிப்படியில் அவள் செல்வமலரை மறித்தாள்.

“ஆன்ரி, என்னோடு பழகியதற்காகச் சாருஜாவை ஏசாதீர்கள்.”

“அவளைப் பற்றி நீ கவலைப்படாதே,” என்றாள் செல்வமலர். “அவள் உன்னைப்போல இல்லை.”

ஜோவிலின் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை கட்டடத்தின் கீழே டாக்ஸி வந்து நின்றது. சாருஜா சமையலறைக்குள் வந்தாள். இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை. கண்கள் வீங்கிக் கிடந்தன.

“அம்மா, கார்லோ என்ர ஆள்.”

செல்வமலர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“அந்தப் பதினொண்டும் நான் எடுத்த படங்கள். என்ர பக்கத்தை நீங்கள் பார்க்கிறனீங்கள் எண்டுதான் அவள் எனக்காகத் தன்ர பக்கத்தில வச்சிருந்தவள். நீங்கள் கண்டுபிடிச்சாலும் எனக்குப் பிரச்சினை வராதபடிக்கு, தன்ர ஆள் எண்டு எழுதினவள்.”

“பிறகேன் அவள் தாயிட்ட உண்மையைச் சொல்லேல்ல?”

“‘என்ர அம்மா ரெண்டு நாள் கத்துவா, பேந்து மறந்திடுவா. உன்ர வீட்டில உன்னை உயிரோட விடமாட்டினம்’ எண்டு சொன்னவள். திருப்பி அனுப்புவா எண்டு அவள் நினைக்கவே இல்லை. அது தெரிஞ்ச பிறகும் என்னைக் காட்டிக்குடுக்கேல்ல. நானும் பயத்தில வாய் திறக்கேல்ல. ஓடிப்போய்ச் சொல்லுங்கோ அம்மா, இன்னும் நேரம் இருக்கு.”

செல்வமலர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் மிலாக்ரோஸே நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

“செல்வா, என்னால் முடியவில்லை. எட்டு வருடம் காத்திருந்து கூப்பிட்ட பிள்ளை. அனுப்பாதே என்று நீ ஒரு வார்த்தை சொல், டாக்ஸியைப் போகச் சொல்லிவிடுகிறேன். உன் சாருஜா இப்படிச் செய்திருந்தால் நீ என்ன செய்வாய்?”

செல்வமலர் திரும்பிப் பார்த்தாள். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சலவைப் பகுதியில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் ஒவ்வொருவராகச் செல்வமலரின் நினைவுக்கு வந்தார்கள். இன்றைக்கு வாய் திறந்தால் மகளின் கதை வெள்ளிக்கிழமைக்குள் கோயில்வரை போய்விடும்.

“என் பிள்ளையாக இருந்தாலும் அனுப்பித்தான் இருப்பேன்,” என்றாள்.