அகன்ற வரிகள்

அருப்புக்கோட்டை நூல் கடையில், பஞ்சுத்தூசி படிந்த கம்ப்யூட்டர் திரைமேல் மதிய வெயில் விழுகிறது. பிரவுசரில் மெனுவைத் திறந்த ராஜகுருவின் புருவம் சுருங்குகிறது. அதில் நேற்றுவரை நெருக்கியடித்துக் கிடந்த வரிகள் இன்று விலகி விலகி நிற்கின்றன. யாரோ கைவைத்திருக்கிறார்கள். நரம்பு டாக்டரைப் பற்றி, யாருக்கும் தெரியாமல் தான் தேடிப் படித்ததையும் பார்த்திருப்பார்களோ? நூல்கட்டுகளை அடுக்கும் மனைவி தங்கச்செல்வியை ஓரக்கண்ணால் பார்க்கிறார். "இதத் தொட்டது யாரு?" "நாந்தான். மகன்ட்ட போன்ல கேட்டு, வரிய அகட்டி வச்சேன்." "எதுக்கு?" அவள் நிமிரவில்லை. "நீங்க ஒண்ண அமுக்குனா பக்கத்துல உள்ளது அமுங்குது. கைதான் நடுங்குதுல்ல." தெருவில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் வந்தால் மேசைக்கடியில் ஒளித்துக்கொள்ளும் வலது கையை, அவள் பார்க்கட்டும் என்று அவர் மேசைமேலேயே விட்டுவைக்கிறார்.