தண்ணீர் வைக்காத இலை

கோமளாவின் இலைக்கு முன்னால் தண்ணீர் இல்லை.

பந்தியில் மற்ற எல்லோருக்கும் தம்ளர் வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய்க்கு மட்டும் வைக்கவில்லை. பரிமாறியவளோ அவளுக்கு மருமகளாக வரவிருக்கும் யாழினி.

"ஏம் புள்ள, சம்மந்தியம்மாளுக்குத் தண்ணி எங்க? கண்ணெல்லாம் எங்க வெச்சிருக்கற?"

பெரியம்மா மருதாளின் குரல் வாசல்வரை கேட்டது. தாயில்லாத யாழினியை வளர்த்தவள் அவள்தான்.

"மறந்துட்டனுங்க பெரியம்மா."

"சோறு இவ்வளவுதானா? கோழிக்குஞ்சுக்கா வெக்கற?"

இலையில் உள்ளங்கையளவு சோறு இருந்தது. அதைவிட அதிகமாகக் கடைந்த பச்சைப்பயறு. இனிப்பு அந்த இலைப் பக்கமே வரவில்லை. மருதாளே போய் இரண்டு கச்சாயத்தை எடுத்து வந்து வைத்தாள்.

"சாப்புடுங்க சம்மந்தி. எங்கூட்டுல வெல்லத்துக்குப் பஞ்சமில்லீங்க."

சம்பந்தம் உறுதியாகும்வரை ஒரு வீட்டார் மற்றவர் வீட்டில் கை நனைப்பதில்லை. இன்று கை நனைத்து உறுதி செய்யத்தான் மாப்பிள்ளை வீட்டார் திருப்பூரிலிருந்து அவிநாசிக்கு வந்திருந்தார்கள். உண்டால் சம்மதம். உண்ணாமல் எழுந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கோமளாவின் அண்ணன் குமாரசாமி இலையைப் பாதி மடித்தார்.

"தண்ணி வெக்காத எலையில உக்காந்து நமக்குப் பழக்கமில்ல. எந்திரி கோமளா."

மாப்பிள்ளை இளங்குமரனின் முகம் வெளுத்தது. அவனும் யாழினியும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். பெரியவர்களை இந்தப் பந்திவரை அழைத்து வர அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கோமளாவுக்குக் கோபம் வரவில்லை. வியப்புதான் வந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், உடல் எடை குறைவதற்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் அவள். இன்றும் உணவோடு தண்ணீர் குடிக்க மாட்டாள். முதலில் பயறோ முட்டையோ, சோறு பிறகுதான். இனிப்பு சற்றுக் கூடினாலும் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுத்துவிட நேரும். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதற்கும் உண்டு.

கணவனுக்கும் மகனுக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. உடன்பிறந்த அண்ணனிடம்கூட, கொள்ளு ரசத்தாலும் நடையாலும் மெலிந்ததாகவே சொல்லியிருந்தாள்.

மற்ற விருந்துகளில் ஏதாவது சொல்லித் தப்பிவிடலாம். இன்று முடியாதே என்று காலையிலிருந்து அஞ்சிக்கொண்டிருந்தாள். இங்கோ, அவளால் உண்ண முடிந்த அளவில், உண்ண முடிந்த பண்டத்தை மட்டுமே யாழினி பரிமாறியிருந்தாள்.

மகன் பக்கம் சாய்ந்தாள். "நீ சொன்னியா?"

"சத்தியமா இல்லம்மா."

கோமளா எழுந்தாள்.

"சம்மந்தி, சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிட்டா..." மருதாளின் குரல் இறங்கியது.

"இருங்க அக்கா. புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேன்."

சமையலறையில் யாழினி வெறும் தம்ளரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு கண்ணு உனக்குச் சொன்னது?"

"யாருஞ் சொல்லலீங்க அத்தை. போன மாசம் கோயில்ல பொங்கல் சாப்புடறப்பப் பாத்தனுங்க. ஒவ்வொரு வாயும் அத்தனை நேரம் மென்னீங்க. பொரை ஏறியும் தண்ணி குடிக்கல. ரொம்ப நேரங் கழிச்சுத்தான் பாட்டிலைத் தொறந்தீங்க."

"அவங்களுக்கு ஒத்துக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை பேச்சு வாங்கியிருக்க வேண்டாமே."

"நீங்களே சொல்லாதத நான் எப்படிங்க சொல்றது?"

கோமளா அவள் கையிலிருந்த வெறும் தம்ளரைப் பார்த்தாள்.

"ஆனா தண்ணி வெக்காம விட்டது தப்புத்தானுங்க. அளவாப் போட்டனா, கைப்பழக்கத்துல தண்ணியும் விட்டுப்போச்சு."

"கைப்பழக்கமா? யாருக்குப் போட்டுப் பழக்கம்?"

யாழினி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அத மட்டும் கேக்காதீங்க அத்தை. சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்."

கோமளா கேட்கவில்லை. அடுப்பு மேடையின் மூலையில் ஒரு சின்னத் தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. மூடியைத் தூக்கினாள். உள்ளங்கையளவு சோறு, அதைவிட அதிகமாகப் பயறு. ஓரத்தில் ஒரு மாத்திரை. அருகில் தம்ளர் இல்லை.

மூடிவிட்டுத் திரும்பி வந்து இலைமுன் அமர்ந்தாள். கச்சாயத்தை ஓரமாக நகர்த்தினாள். பயற்றில் கை வைத்து ஒரு வாய் உண்டாள்.

"தண்ணியே இல்லாமயா?" என்றார் குமாரசாமி.

"சாப்புடறப்ப நான் குடிக்கறதில்லீங்கண்ணா. ஒடம்பு எளைக்கறதுக்கு வயித்துல ஆபரேசன் பண்ணுனது. கொள்ளு ரசமெல்லாம் சும்மா சொன்னதுங்க. புள்ள அதைக் கண்டுக்கிட்டுத்தான் அளவா வெச்சா. அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

குமாரசாமி மடித்த இலையை மெல்ல விரித்தார். இளங்குமரன் தன் முதல் வாய்ச் சோற்றை அப்போதுதான் எடுத்தான்.

இன்னும் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே, தான் மட்டும் உட்காராமல் இருந்த மருதாள், கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

கோமளா அவள் கையைப் பிடித்து அருகே அமர்த்தினாள். பிறகு, அவள் காதுக்கு மட்டும் எட்டும் குரலில் கேட்டாள்:

"எனக்கு ஒம்பது வருசமாச்சுங்க அக்கா. உங்களுக்கு?"