பச்சைப் பாதி

உச்சி வெயிலில் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, நன்றாக இருந்த பாதி வயலைக் கருக்க இறங்கினார் பெரியவர்.

வேறு வழியில்லை. நாளைக் காலை சம்பந்தி வருகிறார். வண்டியை விட்டு இறங்கியதும் அவர் கண்ணில் படப்போவது சாலையோரத்து மக்காச்சோளம்தான். இடது பாதி நுனி தீய்ந்து, பழுப்பேறி நின்றது. வலது பாதி பச்சைப் பசேல்.

இடது பாதிக்குத் தழைச்சத்துத் திரவ உரம் அடித்தவர் பெரியவர். வலது பாதிக்கு அடித்தவள் மருமகள். அதாவது, சம்பந்தியின் மகள்.

அவள் சொல்லாமல் இல்லை. தண்ணீர் கூடுதலாகக் கலக்க வேண்டும், வெயில் தாழ்ந்துதான் அடிக்க வேண்டும், ஒட்டுப்பசை சேர்க்கவே கூடாது, சேர்த்தால் உரம் இலையைப் பிடித்துக்கொண்டு சுட்டுவிடும் என்றாள்.

மாமனார் கேட்பாரா? அந்தியில் பதுங்கிப் பதுங்கி அடிக்க இது என்ன களவாணிக் குடும்பமா என்று, ஊர் பார்க்க நண்பகலில் அடித்தார். பசையையும் தாராளமாக ஊற்றினார். பயிர், இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மறந்த சட்டை மாதிரி ஆயிற்று.

முழு வயலும் கருகியிருந்தால் பரவாயில்லை. உரம் போலி, கடைக்காரன் அயோக்கியன் என்று தலை நிமிர்ந்து திட்டலாம். பாதி பச்சையாக நின்றால் என்ன சொல்வது? இந்தக் குடும்பத்தில் எவனும் வளைக்காத முதுகு, பெண் கொடுத்தவன் முன்னால் வளைவதா?

ஆகவே, விடியும்போதே யாருக்கும் தெரியாமல் ஸ்பிரேயர் டேங்கில் உரத்தைக் கலந்து வைத்திருந்தார். பசை இரண்டு மடங்கு.

இப்போது ஒவ்வொரு தோகையையும் சொட்டச் சொட்ட நனைத்தார். குடும்ப மானம் துளித்துளியாகக் காப்பாற்றப்பட்டது.

கடைசி வரிசை முடிந்து திரும்பினால், வரப்பில் மருமகள். இடுப்பில் கை.

"மாமா, நீங்க கலக்கி வெச்சத காலையிலயே வேற கேன்ல ஊத்திட்டேன். முதுகுல இருக்கறது வெறும் தண்ணி. கருகின பக்கம் என் கைவேலைன்னு அப்பாகிட்ட நேத்தே சொல்லியாச்சு. நாளைக்கு நீங்க இந்தப் பச்சைப் பக்கமா நில்லுங்க, போதும்."

ஸ்பிரேயர் நாசிலின் கடைசிச் சொட்டு பெரியவரின் கால் கட்டைவிரலில் விழுந்தது.

தொண்டையைச் செருமினார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, உச்சி வெயில்ல அடிக்காதேன்னு. கேட்டியா?"