சிவப்புப் பக்கம்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் உள்ள பிரேசில் உணவகத்தில் ஞாயிறு மதிய வெயில் மேசைகளில் சாய்ந்து கிடக்கிறது. கொழுப்புச் சொட்டும் சுட்ட மாட்டிறைச்சியைக் கம்பியோடு ஏந்தி மேசை மேசையாக வருகிறான் வாக்னர். மகளின் கலியாணத்துக்குப் போகாத செபமாலைமுத்து, மருமகன் வாக்னர் வேலை செய்யும் இந்த இடத்துக்கு மகளோடு இன்றுதான் வந்திருக்கிறார். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வட்ட அட்டை இருக்கிறது. அதன் பச்சைப் பக்கம் தெரிந்தால் பரிமாறுவார்கள், சிவப்புப் பக்கமென்றால் போதும் என்று அர்த்தம். வாக்னர் நெருங்கும்போது அவர் மரியாதைக்குச் சிவப்பைத் திருப்பி வைக்கிறார். வாக்னர் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறான். புகையும் உப்பும் மணக்கின்றன. "ஒரு பேச்சுக்கு வேண்டாமெண்டால் திருப்பிக் கேக்கமாட்டாரோ உன்ர மனுசன்?" என்கிறார் அவர். "சிவப்பெண்டால் இஞ்ச கேக்கமாட்டினம், அப்பா," என்கிறாள் மகள் றொசாந்தி. அவர் யன்னலுக்கு வெளியே போகும் பஸ்ஸைப் பார்க்கிறார். இடக்கை மட்டும் அட்டையைப் பச்சைக்குப் புரட்டுகிறது.