இளவரசிக்கு வரும் படகு

திருத்தணி மலைக் கோயிலில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம். அடிவாரத்து வீட்டு மொட்டை மாடியில் பிரபாவதி கொடியிலிருந்து துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறாள். அவளுடைய ஓரகத்தி சினேகா, இந்த வீட்டுக்கு வாழவந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து செல்போனில் விளையாடுகிறாள். திரையில் ஓர் இளவரசி ஊரையே கொளுத்திவிட்டு வருகிறாள். வீடு எரிந்தவர்களே அவளுக்குப் பூத் தூவுகிறார்கள்.

"இவ என்னா பண்ணாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" என்கிறாள் பிரபாவதி.

"கதையே அவளுதுதானேக்கா."

"கொஞ்சம் குடு."

வெறும் விளையாட்டுதான் என்று தெரிந்தும் பிரபாவதிக்கு வயிறு எரிகிறது. போனின் நீல வெளிச்சம் முகத்தில் விழ, இளவரசியை நேராக ஆற்றுக்குள் நடத்துகிறாள். தண்ணீர் இடுப்புக்கு ஏறுகிறது, கழுத்துக்கு ஏறுகிறது. நகம் வெளுக்கும்வரை கட்டைவிரலை அழுத்துகிறாள். எங்கிருந்தோ ஒரு படகு வருகிறது. படகோட்டி இளவரசியைத் தூக்கி உட்காரவைத்து, தன் போர்வையைப் போர்த்திவிடுகிறான்.

சினேகா கைதட்டிச் சிரிக்கிறாள். "அவளுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. நானும் எத்தினியோ வாட்டி தள்ளிப் பாத்துட்டேன்."

தூரத்தில் சென்னை ரயில் கூவுகிறது. பிரபாவதி போனைக் கொடுத்துவிட்டு, துணிக்குவியலை மார்போடு அணைத்தபடி, இருட்டில் காலால் துழாவிப் படியிறங்குகிறாள். கீழிருந்து மாமியாரின் குரல் பதறி எழுகிறது.

"சினேகா, மெதுவா வா கண்ணு, படியெல்லாம் பாசி புடிச்சிகினு கீது!"

"நான்தான் அத்தை."

"ஆங், நீயா?" குரல் உடனே இறங்கிவிடுகிறது. "அப்படியே மோட்டாரப் போட்டுட்டு வா."